எதிரில் ஆள் வேண்டும்

கோபத்தை அடக்கவும், அடுத்தவர் வருத்தத்தைப் புரிந்துகொள்ளவும், சண்டை போட்டால் சமாதானம் ஆகவும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு நிறுவனத்தை அமர்த்திக்கொண்டால் போதும் என்ற எண்ணம் இன்று வேரூன்றிவிட்டது. ஆண்டுக் கட்டணம் கட்டினால் வாரம் ஒரு பீரியடுக்கான பாடம், பயிற்சித்தாள், கைப்பேசியிலோ டேப்லெட்டிலோ ஆடும் விளையாட்டு, பருவ முடிவில் பிள்ளையின் மனத்திறன் பற்றிய அறிக்கை என எல்லாம் ஒரே கட்டாக வந்துவிடும். இதை எஸ்.இ.எல். என்று சுருக்கமாகவும், சமூக-மனவெழுச்சிக் கற்றல் என்று விரிவாகவும் சொல்கிறார்கள். பெருநகரப் பள்ளிகளின் சேர்க்கை விளம்பரங்களில் தொடங்கிய பேச்சு இது. நம் விருத்தாசலத்துக்கும் கம்மாபுரத்துக்கும் வந்துசேர நெடுநாள் ஆகாது. வந்து கையெழுத்தான பிறகு பேசுவதைவிட இப்போதே பேசிவிடுவது நல்லது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிட வேண்டும். பிள்ளையின் மனத்தையும் பள்ளி கவனிக்க வேண்டும் என்பது வெறும் வியாபாரிகள் கிளப்பிய பேச்சு அல்ல. 1994இல் அமெரிக்காவில் கல்வியாளர்களும் உளவியலாளர்களும் சேர்ந்து கேசல் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தன்னை அறிதல், தன்னை ஆளுதல், பிறரை அறிதல், உறவு பேணல், பொறுப்போடு முடிவெடுத்தல் என ஐந்து திறன்களை அது வகுத்தது. அடுத்த ஆண்டே உளவியலாளர் டேனியல் கோல்மனின் நூல் வெளிவந்து இந்தக் கருத்தை உலகெங்கும் கொண்டுபோனது. ஜோசப் டர்லக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 213 திட்டங்களையும் 2,70,034 மாணவர்களையும் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியிட்ட முடிவு, இத்திட்டங்களால் நடத்தையும் படிப்பும் மேம்பட்டன என்றது. 2023இல் 53 நாடுகளின் 424 ஆய்வுகளைத் தொகுத்த இன்னொரு குழுவும் ஏறக்குறைய அதையே சொன்னது. நம் ஊர் நிலைமையும் இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. வீட்டுக்கு ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை, தெருவில் வண்டி, கையில் கைப்பேசி, பத்தாம் வகுப்பிலிருந்தே நுழைவுத் தேர்வு பயம். ஆசிரியரோ அரசின் எமிஸ் தகவல் தளத்தில் விவரம் ஏற்றவே நேரமில்லாமல் திணறுகிறார். ஒரு விளையாட்டுச் செயலி சென்னைப் பிள்ளைக்குத் தருவதை அதே தரத்தில் கம்மாபுரத்துப் பிள்ளைக்கும் தரும், கூச்சப்படும் பிள்ளை யாரும் பார்க்காமல் பழகிக்கொள்ளலாம், செலவும் குறைவு. மதிப்பெண்ணே கல்வி என்று நினைத்த காலத்துக்கு இது மாற்று இல்லையா என்று கேட்கிறார்கள்.

இதில் பாதியை நான் மனமார ஏற்கிறேன். மனத்தைப் பழக்குவதும் பள்ளியின் வேலைதான். ஏற்க முடியாதது மற்றப் பாதி: அந்தப் பழக்கத்தைப் பொருளாகச் செய்து, பெட்டியில் போட்டு, விற்று, திரையில் ஏற்றி, மதிப்பெண் போடலாம் என்பது. இன்னொரு பிள்ளையோடு எப்படி நடந்துகொள்வது என்பதை இன்னொரு பிள்ளையோடுதான் கற்க முடியும். தன்னை அறிந்த, தினமும் தன் முன் நிற்கும் ஒரு பெரியவரின் நடத்தையைப் பார்த்துத்தான் கற்க முடியும். இந்த இரண்டையும் எடுத்துவிட்டு மிச்சத்தை விற்பவர்கள், பெயரளவில்தான் அதைக் கற்பிக்கிறார்கள்.

முதல் மறுப்பு, அவர்கள் காட்டும் சான்றைப் பற்றியது. விளம்பரத் தாள்களில் அதிகம் புரளும் எண் பதினொன்று. இத்திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகள் படிப்பில் 11 சதவீதம் முன்னேறினார்கள் என்று அச்சிடுகிறார்கள். டர்லக் குழு சொன்னது சதவீதத்தை அல்ல. நூறு பேர் தர வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை ஏறக்குறைய பதினோரு இடம் முன்னே போகலாம் என்பதே அந்தக் கணக்கு. அதுகூட 213 திட்டங்களின் கணக்கு அல்ல; படிப்பின் பலனை அளந்து பார்த்திருந்த முப்பத்தைந்து ஆய்வுகளின் கணக்கு. ஆறு மாதமோ அதற்கு மேலோ கழித்துப் பிள்ளைகளைத் திரும்பப் பார்த்த ஆய்வுகள் ஏழில் ஒன்றுதான். இவற்றையெல்லாம் சிறு குறைகள் என்று விட்டுவிடலாம். விட முடியாத இரண்டு உண்டு. அந்தத் தொகுப்பு 2007 டிசம்பர் வரை வந்த ஆய்வுகளைக் கொண்டது. ஐபோனே அந்த ஆண்டில்தான் கடைக்கு வந்தது. வகுப்பறையில் ஆசிரியர் நடத்திய பாடங்களின் பலனை எடுத்து, அப்போது பிறக்கவே இல்லாத செயலி விளையாட்டின் மேல் ஒட்டுவது எந்த நியாயத்தில் சேரும்? இன்னொன்று, அதே ஆய்வின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு. படிப்பில் முன்னேற்றம் தெரிந்தது, பள்ளியின் சொந்த ஆசிரியர்கள் திட்டத்தை நடத்திய இடங்களில் மட்டுமே. வெளியிலிருந்து வந்தவர்கள் நடத்தியபோது அந்தப் பலன் காணப்படவில்லை. வெளியார் தேவை என்று நிறுவ விற்பவர் எடுத்துக் காட்டும் ஆய்வே வெளியார் வேண்டாம் என்ற பக்கம் சாய்கிறது. இதை எந்த விளம்பரத் தாளிலும் காணோம்.

அதற்குப் பின் வந்த பெரிய சோதனைகளும் எச்சரிக்கையாகவே இருக்கச் சொல்கின்றன. பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் மனஒருமைப் பயிற்சியைச் சோதித்த மைரியட் ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. பள்ளிகள் வழக்கமாகச் செய்துவந்ததைவிட அந்தப் பயிற்சி மேலான பலன் எதையும் தரவில்லை. ஆஸ்திரேலியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரிடம் நடந்த உணர்ச்சி மேலாண்மைப் பாடத்தின் முடிவு 2023இல் வந்தது. பாடம் முடிந்த கையோடு அளந்தபோது, படித்த பிள்ளைகளின் நிலை படிக்காதவர்களைவிடச் சற்று மோசமாக இருந்தது, பெற்றோரோடு உள்ள உறவு உட்பட. நல்ல நோக்கத்தோடு செய்தது எதுவும் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மருந்தை ஊற்றும்போது நலமாக இருந்த பிள்ளைக்கும் சேர்த்தே ஊற்றுகிறோம்.

இரண்டாவது மறுப்பு எதிரில் இருக்க வேண்டிய ஆளைப் பற்றியது. மற்றவற்றைவிட எனக்கு இதுவே பெரிது. திரை விளையாட்டு எப்படி அமைகிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள த்ரீ-சி என்ற நிறுவனம் உருவாக்கிய ‘ஸூ யூ’ இந்த வகையில் பெயர் பெற்றது. விலங்குகளைப் பராமரிக்கப் பயிலும் பிள்ளைகளின் பள்ளி என்ற கதைச்சூழல். உணர்ச்சியை ஆளுதல், பிறர் உணர்வை அறிதல், சேர்ந்து செய்தல் முதலான ஆறு திறன்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் நிதியுதவி. கவனமாகச் செய்த வேலைதான். அதன் பலனைச் சொல்லும் ஆய்வு சிறியது, நிறுவனத்தாரே செய்தது என்பதைச் சொல்லிவிட்டு மேலே போவோம். சிக்கல் கவனக்குறைவில் இல்லை, அமைப்பிலேயே இருக்கிறது. இவ்வகை விளையாட்டில் திரையில் ஒரு பிள்ளை அழுகிறது. ஆடும் பிள்ளை முன் மூன்று நான்கு பதில்கள் வரிசையாக நிற்கின்றன. சரியானதைத் தொட்டால் அழுகை நின்றுவிடும். அந்தத் திரைப் பிள்ளைக்கு நேற்றைய கோபம் நினைவில் இல்லை. அது பொய் சொல்லாது, முறைக்காது, தப்பாகப் புரிந்துகொள்ளாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘உன்னோடு நான் ஆட மாட்டேன்’ என்று எழுந்து போகாது. போகக்கூடியவனைப் போகாமல் இருக்கச் செய்வதுதான் உறவு பேணுகிற திறன் முழுவதும். அந்த ஆபத்து இல்லாத இடத்தில் பிள்ளை கற்பது, எந்தப் பதிலைத் தொட்டால் புள்ளி கிடைக்கும் என்பதை மட்டுமே.

இதற்கு நேர் எதிராகத் தெருவில் ஆடும் கிளித்தட்டை வைத்துப் பாருங்கள். ஆள் சேர்ப்பதிலேயே பாடம் தொடங்கிவிடுகிறது. உத்தி பிரிக்கும்போது ஏறக்குறைய சமபலம் உள்ள இருவர் தோள்மேல் கைபோட்டுத் தள்ளிப்போய் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வருகிறார்கள். யார் எந்தப் பெயர் என்று தெரியாமல்தான் அணித் தலைவர் கேட்க வேண்டும். கெட்டிக்காரர்கள் எல்லாரும் ஒரே பக்கம் சேராமல் இருக்கப் பிள்ளைகளே கண்ட ஏற்பாடு அது. கோட்டில் நிற்பவன் தொட்டேன் என்கிறான், தாண்டியவன் தொடவில்லை என்கிறான். நடுவர் கிடையாது. வாதாட வேண்டும், சாட்சி தேட வேண்டும், சில நேரம் உண்மை தன் பக்கம் இருந்தும் ஆட்டம் நிற்கக் கூடாது என்று விட்டுக்கொடுக்க வேண்டும். தினமும் அழுகுணி ஆட்டம் ஆடுகிறவனை நாலாம் நாள் யாரும் சேர்ப்பதில்லை. மறுபடி சேர என்ன செய்ய வேண்டும் என்று அவனே கண்டுபிடிக்கிறான். பின்னால் அழுதுகொண்டே வரும் தம்பியையோ தங்கையையோ ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். பிடிபட்டாலும் அந்தப் பிள்ளை அவுட் இல்லை. (அந்தப் பெயர் மாற்றுத்திறனாளிகளைப் புண்படுத்துவது, மாற வேண்டியது. ஏற்பாட்டில் இருக்கும் அன்பு மாறக் கூடாது.) காய் விட்டவர்கள் பழம் விடுவதற்கு ஒரு சடங்கே வைத்திருக்கிறார்கள். கேசல் வகுத்த ஐந்து திறன்களில் எது இங்கே இல்லை?

இது பழைய காலத்தை நினைத்து ஏங்கும் பேச்சு அல்ல, இதற்கு ஆய்வும் இருக்கிறது. ஜீன் பியாஜே சுவிட்சர்லாந்தில் பிள்ளைகள் கோலி ஆடுவதைப் பார்த்தும், விதிகளை அவர்களிடமே கேட்டும் 1932இல் ஒரு நூல் வெளியிட்டார். பெரியவர் கொடுத்த விதியைச் சிறு பிள்ளைகள் மாற்றவே கூடாத புனிதமாக நினைக்கிறார்கள், ஆனால் ஆட்டத்தில் ஒழுங்காகப் பின்பற்றுவதில்லை. சம வயதினரோடு ஆடி, வாதிட்டு, தாங்களே விதியை ஒத்துக்கொள்ளும் நிலை வந்த பிறகுதான் அதை மதிக்கிறார்கள் என்று அவர் கண்டார். மேலிருந்து புள்ளி தரும் செயலி அந்த முதல் நிலையிலேயே பிள்ளையை நிறுத்திவைக்கிறது. கலிபோர்னியாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 51 பேரைத் திரையே இல்லாத முகாமில் ஐந்து நாள் வைத்திருந்து பார்த்த ஆய்வு 2014இல் வந்தது. முகத்தையும் உடல்மொழியையும் பார்த்து உணர்ச்சியைக் கண்டுகொள்ளும் திறன், வழக்கம்போலத் திரையோடு இருந்த பிள்ளைகளைவிட அவர்களிடம் கூடுதலாக வளர்ந்திருந்தது. சிறிய ஆய்வுதான், அதை வைத்துப் பெரிய சட்டம் எழுத முடியாது. ஆனால் அந்த ஐந்து நாளில் யாரும் அவர்களுக்கு உணர்ச்சிப் பாடம் எடுக்கவில்லை. சேர்ந்து இருந்தார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது, குற்றத்தை யார் தலையில் வைக்கிறோம் என்ற கேள்வி. பொறுமை இல்லை, தன்னடக்கம் இல்லை, பிறர் நிலை அறியவில்லை என்று பிள்ளையின் குறைகளை எழுதி, அவற்றைப் பிள்ளைக்குள்ளேயே சரிசெய்யப் பார்ப்பது இந்தத் திட்டங்களின் அடிப்படை. இவ்வளவு நம்பிக்கைக்கு ஒரு பழைய சோதனையும் காரணம். வால்டர் மிஷல் ஸ்டான்ஃபோர்டில் நடத்திய மிட்டாய்ச் சோதனை அது: இப்போது ஒன்று வேண்டுமா, காத்திருந்தால் இரண்டு வேண்டுமா? காத்திருந்த பிள்ளைகள் பின்னால் நன்றாக வந்தார்கள் என்று சொல்லப்பட்டது. 2018இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரத்தை வைத்துத் திரும்பப் பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு சுருங்கிவிட்டது. ராச்செஸ்டரில் செலஸ்ட் கிட் நடத்திய சிறு சோதனை இன்னும் கூர்மையானது. மிட்டாய்க்கு முன் சில பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டுவருவதாகச் சொல்லிக் கொண்டுவந்தார். வேறு சிலருக்குச் சொல்லிவிட்டு ஏமாற்றினார். சொல் காத்தவரிடம் பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றியவரிடம் 3 நிமிடம். பொறுமை பிள்ளைக்குள் மட்டும் இல்லை. எதிரில் நிற்கும் பெரியவரின் நம்பகத்திலும் இருக்கிறது.

இதைக் கம்மாபுரத்தில் வைத்துப் பாருங்கள். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் உள்ள வட்டாரம் இது. முந்திரிக் காட்டு வேலை, விருத்தாசலத்தின் பீங்கான் கூடங்களில் நாள்கூலி, நெய்வேலியில் ஒப்பந்தத் தொழில் என்று பிழைப்பவர்கள் நிறைந்த பகுதி. வேலை தருவோம் என்ற வாக்கு என்ன ஆயிற்று என்று வீட்டில் ஆண்டுக்கணக்கில் பேசக் கேட்டு வளரும் பிள்ளை, ‘காத்திருந்தால் இரண்டு’ என்ற வாக்கை நம்ப மறுத்தால் அதை மனத்திறன் குறைவு என்று அறிக்கையில் எழுதுவது எவ்வளவு பெரிய அநீதி! அந்தப் பிள்ளை தன் அனுபவத்திலிருந்து சரியாகவே கற்றிருக்கிறது.

சாதிக்கு வரும்போது இந்தக் குறை இன்னும் பெரிதாகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன்படித்த மாணவர்கள். பிறர் உணர்வை அறியும் பாடம் அவர்களுக்கு இல்லாமல் போனதுதான் காரணம் என்று யாராவது சொல்ல முடியுமா? எந்த இடத்தில் தொட்டால் அடுத்தவனுக்கு வலிக்கும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அந்தக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு, பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதி அடையாளம், ஆசிரியர்களின் நடத்தை, பள்ளி நிர்வாகம் என்று பிள்ளைக்கு வெளியே உள்ளவற்றைத்தான் அது மாற்றச் சொன்னது. அதே 2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டி ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் உண்ண மறுத்தார்கள். அந்த அருவருப்பைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தந்தது வீடு. அமைச்சர் கீதா ஜீவனும் கனிமொழி எம்.பி.யும் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அதே உணவைச் சாப்பிட்டார்கள். பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். ஊரின் சாதி அன்றோடு ஒழிந்துவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் சமூக-மனவெழுச்சிக் கற்றல் என்று ஒன்று இருந்தால் அது நடந்த இடம் அந்தப் பந்தி. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற பெரியவரைத் திரைக்குள் வைக்க முடியாது.

நான்காவது, அறிக்கை. ரேங்க் பட்டியலை வெளியிடும் வழக்கத்தைத் தமிழ்நாடு 2017இல் கைவிட்டது. முதலிடம் பிடித்த பிள்ளையின் படத்தைத் தட்டியில் வைத்து மற்றப் பிள்ளைகளை வாட்டியது போதும் என்ற முடிவு அது. அந்தத் தமிழ்நாட்டில் இப்போது இரக்கத்துக்கு 62, தன்னடக்கத்துக்கு 48 என்று பருவந்தோறும் தாள் வருமானால், கணக்கில் 48 வாங்கியதைவிட ஆழமாக அந்த எண் பிள்ளையைக் குத்தும். கணக்கு வராவிட்டால் பாடம் வரவில்லை. இரக்கத்தில் குறைந்தால் பிள்ளையே சரியில்லை என்றாகிறது. டெல்லி அரசு 2018 ஜூலையில் தொடங்கிய மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தில் குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் அதில் தேர்வும் மதிப்பெண்ணும் இருக்கவில்லை, நடத்தியது வகுப்பாசிரியர். அந்த இரண்டையும் சரியாகச் செய்தார்கள். விற்பனைக்கு வரும் செயலியால் இதைச் செய்ய முடியாது. எண் இல்லாமல் அடுத்த ஆண்டுச் சந்தாவை எப்படிக் கேட்பது? அந்த எண்ணுக்காகவே பிள்ளை எவ்வளவு நேரம் தயங்கியது, எதைத் தொட்டது, எப்போது எரிச்சலில் வெளியேறியது என்றெல்லாம் சேமிக்க வேண்டியிருக்கிறது. மனித உரிமைக் கண்காணிப்பகம் 49 நாடுகளின் கல்விச் செயலிகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழப் பத்தில் ஒன்பது செயலிகள் பிள்ளைகளின் உரிமையை மீறின அல்லது மீறும் ஆபத்தில் வைத்தன என்றது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. விலக்குகளும் உண்டு, அவற்றின் வழியேதான் எல்லாம் நுழையும். நிறுவனம் மூழ்கினால் அந்தத் தரவு என்ன ஆகும்? 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்பு சொல்லப்பட்ட கல்விச் செயலி நிறுவனமான பைஜூஸ் 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. பிள்ளையின் கோபத்தையும் பயத்தையும் பற்றிய பதிவு இன்னொரு நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் ஏறக் கூடாது.

ஐந்தாவது, பணம். செலவு குறைவு என்கிறார்கள். எதோடு ஒப்பிட்டால் குறைவு? 2012இல் தமிழ்நாடு அரசு உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாயில் நியமித்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2024இல் அவர்கள் வாங்கியது 12,500 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டுச் சென்னைக்கு வந்து உட்கார்ந்ததே அவர்களுக்கு மிச்சம். பிள்ளைகள் அணி பிரிவதையும், தோற்று அழுவதையும், சேர்ந்து பாடுவதையும், ஒரே வண்ணப் பெட்டியைப் பங்கிடுவதையும் தினமும் பார்க்கிறவர்கள் இவர்கள்தான். இவர்களுக்குப் பணம் இல்லை என்று சொல்லும் கல்வி அமைப்பு செயலிச் சந்தாவுக்குப் பணம் தேடுமானால், அதை நான் சிக்கனம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். நேரக் கணக்கும் இப்படியே. பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வது எல்லாரும் அறிந்தது. விளையாட்டுத் துறைப் பொறுப்பில் இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே மேடையில் வேண்டிக்கேட்கும் அளவுக்கு அது பரவிக் கிடக்கிறது. விளையாட்டு நேரத்தைப் பறித்துக்கொண்டு, விளையாட்டில் கிடைப்பதை விலைக்கு வாங்கிப் புகட்டுவது எந்தக் கணக்கு?

இதற்கு வரக்கூடிய பதில்களையும் பார்த்துவிடுவோம். தெரு விளையாட்டில் சாதி இல்லையா, பெண் பிள்ளைகளை ஒதுக்கவில்லையா என்று கேட்பார்கள். இருந்தது, இருக்கிறது. எந்தத் தெருவில் யார் ஆடலாம் என்று ஊர் முடிவு செய்தது. வயதுக்கு வந்ததும் பெண்ணைத் திண்ணையோடு நிறுத்தியது. அதனால்தான் ஆட்டம் தெருவில் மட்டும் இருந்தால் போதாது, பள்ளி மைதானத்துக்குள் வர வேண்டும் என்கிறேன். எல்லாத் தெருப் பிள்ளையும், ஆணும் பெண்ணும், ஒரே கோட்டுக்குள் நிற்கக் கட்டாயப்படும் இடம் அரசுப் பள்ளி ஒன்றுதான். உத்தி பிரிக்கும்போது ஊர்த் தெருவும் காலனியும் தனித்தனி அணியாகிவிடாமல் பார்த்துக்கொள்ள அங்கே ஓர் ஆசிரியர் இருப்பார். தனித்தனித் திரையில் ஆடும் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டாயமே வராது. யார் பக்கத்திலும் உட்காராமல் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம்.

ஆசிரியர்களே அடிக்கிறார்களே, திட்டுகிறார்களே, அவர்களை நம்பியா விடுவது என்பது அடுத்தது. கடினமான கேள்வி, மழுப்பக் கூடாது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதே கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்கு வகுத்த கணக்கு. ஐந்து வகுப்பை இருவர் பார்க்கும்போது பொறுமை போவது இயல்பு. ஆனால் காலையில் திரை பொறுமையைக் கற்பித்து, மதியம் ஆசிரியர் பிரம்பை எடுத்தால் பிள்ளை எதைக் கற்கும்? அடிக்கும் ஆசிரியரை அப்படியே விட்டுவிட்டுச் செயலியை வாங்குவது பிள்ளையைக் கைவிடுவது. ஆசிரியரைப் பழக்குவதற்கும் ஆள் கூட்டுவதற்கும் அந்தப் பணம் போகட்டும். கூச்சமுள்ள பிள்ளையைப் பற்றிய வாதத்தை மட்டும் ஓர் எல்லை வரை ஏற்கிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு முகக்குறிகளைத் திரும்பத் திரும்பக் காட்டிப் பழக்க, பயிற்சி பெற்றவரின் கையில் ஒரு கருவியாக இத்தகைய விளையாட்டு உதவலாம். அது சிகிச்சையின் ஒரு பகுதி. அதைக் காட்டி வகுப்பு முழுவதற்கும் சந்தா கேட்பது வேறு விஷயம்.

கம்மாபுரம் ஒன்றியத்துப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோர் கையில் அதிகாரம் இருக்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அந்தக் குழு என்று சட்டமே சொல்கிறது. விளையாட்டு பீரியடை வேறு பாடத்துக்குத் தருவதில்லை என்ற ஒரு வரியை அந்தத் திட்டத்தில் எழுத யாரிடமும் நிதி கேட்க வேண்டியதில்லை. மைதானம் இல்லாத பள்ளிக்கு மைதானமும், உடற்கல்விக்கும் இசைக்கும் ஆசிரியரும் கேட்டுத் தீர்மானம் போட வேண்டும்; மைதானம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. நிறுவனத்திலிருந்து ஆள் வந்தால் உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்கலாம். உங்கள் பொருளையே, உங்களோடு சம்பந்தம் இல்லாதவர்கள், நம் ஊர் போன்ற ஓர் ஊரில் சோதித்த ஆய்வு எங்கே? இதை நடத்தப்போவது எங்கள் வகுப்பாசிரியரா, உங்கள் திரையா? எங்கள் பிள்ளை எதைத் தொட்டது, எதில் தயங்கியது என்ற பதிவு யாருடைய கணினியில், எத்தனை ஆண்டு இருக்கும்? பதிலை எழுத்தில் வாங்கித் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டிவைக்க வேண்டும்.